வைப்பு, நிதி, புதையல்

பொரித்தது பொரியல், அவித்தது அவியல், புதைத்தது புதையல். இலக்கணம் அவ்வளவுதான். ‘அல்’ விகுதி செயலின் பெயரையே பொருளுக்குச் சூட்டிவிடுகிறது. ஆனால் பொரியலைப் பொரித்தவர் அடுப்படியில் இருப்பார். புதைத்தவர் வந்து நின்றாரென்றால் அது புதையலே அல்ல, அவருடைய சொத்து.

புதை என்ற வினைக்கு மண்ணோடு கட்டாயத் தொடர்பு கிடையாது. மூடுதல், மறைத்தல் அதன் பொருள். பெரியவர் முன் வாய் புதைத்து நிற்பார்கள்; தலைவி நாணிக் கண் புதைப்பாள், அதற்கென்றே அகப்பொருளில் ஒரு துறை உண்டு. ஒளித்த செல்வத்தைச் சொல்லப் பழந்தமிழில் வேறு சொற்கள் இருந்தன. அகநானூறு 265ஆம் பாட்டில் மாமூலனார், நந்த மன்னர் கங்கைக்கு அடியில் மறைத்த செல்வத்தை ‘நிதியம்’ என்கிறார். குறள் 226இல் பொருளைச் சேமிக்கும் இடம் ‘வைப்புழி’. இரண்டிலும் வைத்தவர் யாரென்று தெரியும். இவ்விரு சொற்களும் கைகோத்து இன்று வங்கிக்குள் போய் வைப்பு நிதியாகிவிட்டன. கேட்டு வர ஆளில்லாத பணத்துக்குப் புதையல் என்ற பெயர் நின்றது.

அப்படியொரு புதையலாகப் போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுக் குவியல் நாணயவியலில் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. காசுகளின் பின்புறத்தில் மீன் போன்ற கோட்டுக்குறி இருப்பதால் பாண்டியர் வெளியிட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணித அறிஞர் டி. டி. கோசாம்பி இக்குவியலுக்கென்று தனிக் கட்டுரையே எழுதினார். அவருடைய கருவி தராசு. கைமாறக் கைமாறக் காசு தேயும். தேய்ந்த எடையைக் கொண்டு அது எவ்வளவு காலம் புழங்கியது என்று மதிப்பிடலாம். இதைச் சோதிக்கத் தம் காலத்துச் செலாவணிக் காசுகளையும் வாங்கி நிறுத்துப் பார்த்தவர் அவர். குவியல் சிதறாமல் கைக்கு வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நல்ல காசாகப் பொறுக்கி நான்கை யாராவது விற்றுவிட்டால் சராசரியே பொய்யாகிவிடும்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் புதையல் என்ற சொல்லுக்கு ஒரு வரையறை தந்தது: மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த எதிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளும். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரியவர் இல்லையென்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே வேண்டுமென்றால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தாராளமான பங்கீடுதான். ஆனாலும் கலெக்டர் ஆபீஸ் படியேறுவதைவிட நகைக்கடைப் பட்டறை பக்கமென்று நினைப்பவர்களே அதிகம் என்பது என் ஊகம்.

தேடும் கருவிகளுக்கும் சொற்கள் உண்டு. கண்ணில் இட்டால் நிலத்தடிப் பொருள் தெரியும் என்று நம்பிய மைக்குப் பாதாளாஞ்சனம் என்று பெயர். வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் வழக்கம் அதன் ஏழைத் தங்கை. மின்சாரம் வந்தும் கதை பெரிதாக மாறவில்லை. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் புகுந்த குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோடு போனார். கட்டிலின் இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பார்கள். இன்றைய மெட்டல் டிடெக்டரும் பொற்காசுக்கு மட்டுமா கத்துகிறது, துருப்பிடித்த லாடத்துக்கும் கத்துகிறது. தேனி மாவட்டத்துக் காவல் நிலையங்கள் பார்த்த இரிடியம் மோசடியில் தோண்டும் சிரமம்கூட இல்லை. இரிடியம் என்று சொல்லி, இடி விழுந்த கோயில் கலசத்தையோ அரிசியை இழுக்கும் செம்பையோ காட்டுவார்கள். அரிசியில் இரும்புத்தூள் ஏற்றி, செம்புக்குள் காந்தம் வைத்தால் போதும். நட்ட ஏலச்செடி காய் பிடிக்க மூன்று வருஷம் ஆகும் மலையில், நடாத பானைமேல் ஆசை வருவதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

புதை என்ற அதே வினைதான் இறந்தவருக்கும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து மறையூரில் பெருங்கற்காலக் கல்லறைகளை முனியறை என்கிறார்கள். அடிவாரத்தில் முதுமக்கள் தாழிகள் கிடைக்கும். பலகைக்கல்லைப் பெயர்த்தவருக்குப் பெரும்பாலும் அகப்படுவது கறுப்பு–சிவப்புப் பானையும் எலும்பும் துருவேறிய இரும்பும். ஏமாற்றத்தில் பானையை அங்கேயே உடைத்துப்போட்டுவிட்டுப் போகிறார்கள். தொல்லியலாளர் காலம் கணிக்க வேண்டியிருந்தது அந்தப் பானையை வைத்துத்தான்.