இருளில் தொடர்ந்த பணி: அன்னை தெரசாவின் ஆன்ம வறட்சியும் அதற்குக் கிடைத்த பொருளும்

முன்னுரை

கிறித்தவ அருளியல் எழுத்துகளில் 'ஆன்ம வறட்சி' என்னும் தொடர் ஒரு குறிப்பிட்ட உளநிலையைச் சுட்டும். இறைவேண்டலில் சுவை அற்றுப்போதல், இறைவன் அருகிருக்கிறான் என்னும் உணர்வு நீங்குதல், முன்பு உள்ளத்தை உருக்கிய சொற்கள் வெற்றொலியாகத் தோன்றுதல் ஆகியன அதன் அறிகுறிகள். நம்பிக்கையைக் கைவிட்ட நிலையினின்றும் இது வேறானது. கைவிட்டவர் இழந்ததைத் தேடுவதில்லை. வறட்சியுற்றவரோ தேடிக்கொண்டே இருப்பர். இந்நிலையை நெடுங்காலம் தாங்கிய ஒருவர் அதில் ஏதேனும் பொருளைக் கண்டாரா, கண்டாராயின் எப்போது, யார் வழியாகக் கண்டார் என்பதைக் காலவரிசையில் காண்பதற்கு அன்னை தெரசாவின் கடிதங்கள் இடந்தருகின்றன. அருள்தந்தை பிரையன் கொலோடிசக் தொகுத்து 2007இல் வெளியிட்ட நூலின் வழியாக இக்கடிதங்கள் பரவலாக அறியப்பட்டன. அவருடைய இல்லங்களின் மருத்துவப் பராமரிப்புக் குறித்தும் நன்கொடைகள் குறித்தும் எழுந்த திறனாய்வுகள் தனியே ஆராயத்தக்கன. அவை இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை.

மரபு வைத்திருந்த விளக்கங்கள்

வறட்சிக்குத் திருச்சபை மரபில் ஏற்கெனவே விளக்கங்கள் இருந்தன. லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஆறுதலற்ற நிலைக்கு மூன்று காரணங்கள் கூறுகிறார். பயிற்சியில் நாம் காட்டும் அசட்டை ஒன்று. இறைவன் வைக்கும் சோதனை மற்றொன்று. ஆறுதல் என்பது நம் உடைமையன்று, கொடையே என உணர்த்துதல் மூன்றாவது. அந்நிலையில் முன்னர் எடுத்த முடிவுகளை மாற்றலாகாது என்பதும் அவர் வகுத்த நெறி. அன்னையின் உள்ளத்தை அறிந்த குருக்களுள் முதன்மையானோர் இயேசு சபையினராகிய இஞ்ஞாசியாரின் வழியினரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மேல் துறவி சிலுவை அருளப்பர் இந்நிலைக்கு 'இருண்ட இரவு' என்று பெயரிட்டார். தம் சபையினராலேயே 1577 டிசம்பரில் தொலேதோவில் சிறைவைக்கப்பட்டு 1578 ஆகஸ்டில் தப்பியவர் அவர். அவருடைய விளக்கத்தில் இரவு ஒரு வழி. புலன்களும் உள்ளமும் தூய்மையுற்றபின் இறைவனோடு ஒன்றிப்பதில் அது முடியும். நம் திணை மரபில் முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாவது போல, இதுவும் ஒரு திரிபே. மழை வரின் மாறிவிடும். அன்னை துறவுப் பெயராக ஏற்ற லிசியே நகர் தெரேசாவுக்கும் 1896ஆம் ஆண்டின் உயிர்ப்புத் திருநாள் காலத்தில் தொடங்கிய இருள் 1897 செப்டம்பர் 30இல் அவர் இறக்கும்வரை நீடித்தது. அது ஏறத்தாழ 18 மாதங்கள். அன்னையின் இருளோ அரை நூற்றாண்டை நெருங்கியது. மரபின் அளவுகோல் போதாமற்போவது இங்கேதான்.

கல்கத்தாவில்

ஸ்கோப்யே நகரில் 1910இல் பிறந்து, 1929 சனவரியில் லொரேட்டோ சபைத் துறவுப் பயிற்சியினராக இந்தியா வந்தவர் அவர். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் தொடர்வண்டியில், ஏழையருள் ஏழையர்க்குப் பணிபுரியும் அழைப்பைப் பெற்றார். தொடர்ந்து 1947இன் நடுப்பகுதிவரை இயேசுவின் குரலைத் தம் உள்ளத்தில் கேட்டதாகப் பேராயர் பெர்டினாண்டு பெரியேவுக்கு எழுதியுள்ளார். ஏழைகளின் இருண்ட குடில்களுக்குள் தம் ஒளியாகச் செல்லுமாறு அக்குரல் கேட்டது. 1948 ஆகஸ்டில் லொரேட்டோவை விட்டு வெளியேறி, பாட்னாவில் மருத்துவப் பயிற்சி பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் மோதிஜீல் குடிசைப் பகுதியில் பணியைத் தொடங்கினார்.

இருள் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். 1953 மார்ச்சில் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், தம்முள் கொடிய இருள் இருப்பதாகவும், பணியைத் தொடங்கிய காலந்தொட்டு ஏறத்தாழ அவ்வாறே இருப்பதாகவும் கூறி, தமக்காக வேண்டுமாறு கேட்டுக்கொள்கிறார். 1950 அக்டோபர் 7இல் அன்புப் பணியாளர் சபை ஏற்பிசைவு பெற்றது. 1952இல் காளிகாட்டில் நிர்மல் ஹிருதய் இல்லம் திறக்கப்பட்டது. புறத்தே பணி தழைத்த ஆண்டுகளும் அகத்தே வறண்ட ஆண்டுகளும் ஒன்றே. பேராயர் தந்த மறுமொழி, உணர்வுகள் இன்றியமையாதன அல்ல, பணியின் வளர்ச்சியே இறையாசிக்குச் சான்று என்னும் போக்கில் அமைந்தது. அது பரிவோடு சொல்லப்பட்ட மறுமொழிதான்; எனினும் கேட்ட வினாவுக்கு அது விடையாகவில்லை. அன்னையின் ஐயம் பணியைப் பற்றியதன்று.

1958 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மறைந்தார். அவருக்காக நடந்த திருப்பலியில், இறைவன் தம் சபையில் மகிழ்கிறான் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டினார் அன்னை. இருள் அகன்றது. ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்து அது மீண்டது. 1959இல் இயேசுவையே விளித்து அவர் எழுதி, தம் ஆன்ம வழிகாட்டி அருள்தந்தை பிக்காச்சிக்கு அனுப்பிய கடிதம் இத்தொகுப்பின் மிகக் கடுமையான பக்கங்களுள் ஒன்று. நம்பிக்கையே தம்மிடம் இல்லை என்று அதில் முறையிடுகிறார்; முறையிடுவதோ, இல்லை என்று தோன்றும் அவரிடமே. நூல் வெளிவந்தபோது சிலர் அன்னையை மறைவான நாத்திகர் என்றனர். கடிதங்கள் யாரை விளித்து எழுதப்பட்டன என்பதைக் கருதாது எடுத்த முடிவு அது.

1961

திருப்பத்தை உண்டாக்கியவர் ஆஸ்திரியாவில் பிறந்து புனேயில் இறையியல் கற்பித்த இயேசு சபைத் துறவி யோசேப்பு நொய்னர். 1961இல் சபையினர்க்குத் தியானம் நடத்த வந்த அவரிடம் அன்னை தம் நிலையை எழுதிக் கொடுத்தார். நொய்னர் கூறியனவற்றின் சாரம் இது: இவ்விருளுக்கு மனித மருந்து ஏதுமில்லை, ஆகவே தம்மைக் குற்றவாளியாகக் கருத வேண்டுவதில்லை, இறைவனை உணர்தல் ஒன்றே அவன் இருப்புக்குச் சான்றன்று, அவனுக்காக ஏங்கும் ஏக்கமே சான்று, இவ்வின்மை அவர் மேற்கொண்ட பணியின் ஆன்மிகப் பக்கமே.

முதல் இரண்டும் மரபில் உள்ளனவே. சிலுவை அருளப்பர் கூறும் மூன்று அடையாளங்களுள், இறைவனுக்குச் சரிவர ஊழியம் செய்யவில்லையே என்னும் கவலையும் ஒன்று. மூன்றாவது கருத்து புதிது. தூய்மையாக்கும் வழியாகப் பார்த்தால், இருள் முடியாதவரை குறை தம்மிடமே எஞ்சியிருப்பதாகத் தோன்றும். பதினோர் ஆண்டுகளாக அன்னையை வாட்டியது இவ்வெண்ணமே. பணியின் பகுதியாகப் பார்க்கும்போது, அது முடிந்தாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே நீங்குகிறது. பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாகத் தாம் இவ்விருளை நேசிக்கத் தொடங்கியதாக நொய்னருக்கு அவர் எழுதினார். தெருவில் யாருக்கும் வேண்டாதவராய்க் கிடக்கும் ஏழையரின் நிலையே தம் ஆன்ம நிலையின் சாயல் என்று பிற்காலக் கடிதங்களில் குறிப்பிடுகிறார். 1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது, யாருக்கும் வேண்டாதவராதலே பெரிய வறுமை என்று பேசினார். காளிகாட்டில் கண்டதை மட்டுமே அவர் பேசுவதாகக் கேட்டோர் கொண்டிருப்பர். கடிதங்களைப் படித்தவர்க்கு அச்சொல் வேறு பொருளும் தரும்.

இப்பார்வையில் ஓர் இடர் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமே விரும்பி ஏற்ற துறவியின் இருளும், விரும்பாமல் வந்து சேர்ந்த ஏழையின் பசியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் பசி புனிதப்பட்டுப் போகும். அன்னையின் சொற்கள் சிலவிடங்களில் அவ்வெல்லையைத் தொடுகின்றன. எனினும் இருளை ஏற்றபின் அவர் செய்தது, சோறும் படுக்கையும் தரும் இல்லங்களைப் பெருக்கியதே. 1965இல் வெனிசுவேலாவில் தொடங்கிய வெளிநாட்டுப் பணி, 1997க்குள் 123 நாடுகளில் 610 இல்லங்களாக விரிந்தது.

பொருள் கிடைத்ததால் வலி நீங்கிவிடவில்லை. 1961க்குப் பிந்தைய கடிதங்களிலும் அதே முறையீடு தொடர்கிறது. நோபல் பரிசு பெற்ற ஆண்டிலும் தமக்குள் மௌனமும் வெறுமையுமே இருப்பதாக ஒரு குருவுக்கு எழுதுகிறார். மாறியது ஒன்றே: தாம் செய்த பிழை எது என்று தேடுவது குறைந்துவிட்டது. இன்னொன்றும் காலவரிசையிலிருந்து புலனாகிறது. விளக்கம் கிடைக்குமுன்பே, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் எவ்விளக்கமுமின்றி அவர் நாள்தோறும் இறைவேண்டல் செய்து, நோயாளரைக் கழுவி, சபையை நடத்தினார். ஆறுதலற்ற காலத்தில் முடிவை மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் நெறியே அவ்வாண்டுகளில் அவருக்கு உதவியிருக்கக்கூடும்.

இக்கடிதங்களை அழித்துவிடுமாறு அவர் பலமுறை வேண்டியிருந்தார். தம்மைப் பற்றியே பிறர் மிகுதியாக எண்ணுவர், இயேசுவைப் பற்றிக் குறைவாக எண்ணுவர் என்பது அவர் அச்சம். பெற்றவர்கள் பலவற்றை அழிக்கவில்லை. 1997 செப்டம்பர் 5இல் அவர் மறைந்தபின் புனிதர் பட்டத்திற்கான ஆய்வில் அவை திரட்டப்பட்டன. அருளாளர் நிலை 2003இலும் புனிதர் நிலை 2016இலும் வழங்கப்பட்டன. எஞ்சிய கடிதங்களெல்லாம் பெரும்பாலும் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் எழுதப்பட்டவையே. சபைச் சகோதரியரிடம் மலர்ந்த முகத்தோடு பணிபுரியுமாறு கேட்டுக்கொண்டவர், தம் நிலையை அவர்களிடம் சொல்லவில்லை. நாள்தோறும் காலைத் திருப்பலியில் அவருடன் ஒரே சிற்றாலயத்தில் முழந்தாளிட்ட சகோதரியருள் பெரும்பாலோர், அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்தே இதனை அறிந்தனர்.