ஆரணிப் பட்டு நெசவில் மேலாண்மைக் கட்டுப்பாடு

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைகளுக்குப் பெயர்போன ஊர். இங்கே தறி பெரும்பாலும் நெசவாளர் வீட்டிலேயே இருக்கிறது. மேற்பார்வையாளரும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அப்படிப்பட்ட தொழிலை நெய்யக் கொடுப்பவர் கட்டுக்குள் வைத்திருப்பது முன்பணத்தாலும் தராசாலும்தான்.

இவற்றில் முன்பணம் மூத்தது. பட்டுக்கு முன் ஆரணியின் பெயரைப் பரப்பியது அதன் மெல்லிய மஸ்லின். அக்காலத் தென்னிந்தியத் துணி வணிகத்தில், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் வேறு வணிகரிடம் போகலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி, அதிகாரம் கைக்கு வந்ததும், இந்த உரிமையைப் பறித்தது. குமாஸ்தாக்களையும் சேவகர்களையும் ஏவி, தன் கணக்கு தீரும்வரை பிறருக்கு நெய்ய விடாமல் தடுத்தது. துணி கிடைத்தது, கூடவே நெசவாளர் எதிர்ப்பும் கிளம்பியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறிவைத்ததும் முன்பணத்தால் ஆளைக் கட்டிவைக்கும் வழக்கத்தைத்தான்.

தராசு நுட்பமானது. பாவுப் பட்டு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் எடைபோட்டுத் தரப்படும். நெய்த சேலை திரும்பத் தராசில் ஏறும். சேதாரம் போக எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். ஆனால் பட்டு ஈரத்தை உறிஞ்சும் இழை. 11 விழுக்காடு ஈரத்தைக் கணக்கில் சேர்த்தே அதன் வணிக எடை நிர்ணயிக்கப்படுகிறது. மழைக்காலச் சேலையும் கோடைச் சேலையும் தராசில் ஒன்றல்ல. தவிர, கரை நேராக ஓடுகிறதா, ஊடை நெருக்கமாக விழுந்திருக்கிறதா என்பதைத் தராசு சொல்லாது. பழகிய கண்தான் சொல்லும்.

அமெரிக்க மேலாண்மை அறிஞர் வில்லியம் ஓச்சி 1979இல் சந்தை, விதிமுறை, குழுமப் பிணைப்பு எனக் கட்டுப்பாட்டை மூவகைப்படுத்தினார். ஆரணியில் சேலைக்கு இவ்வளவு என்ற கூலி முதல் வகை. தறித்தொழிலைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றித் தரத்தைக் காத்துவந்த நெசவுக் குடும்பங்கள் மூன்றாவது.

விதிமுறையைக் கொண்டுவந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். சென்னை மாகாணத்தில் இவற்றின் துணிகளை விற்க 1935இல் கோ-ஆப்டெக்ஸ் உருவானது. சங்கத்தில் நெசவாளரே உறுப்பினர், கணக்கும் எழுத்தில் இருக்கும்; ஆனால் விற்காத சேலை தேங்கினால் நூல் வழங்கல் தளரும், தறி நிற்கும். என் கணிப்பில் இங்கே பலவீனம் விதியில் இல்லை, விற்பனையில்.

அண்மைக் காலத்தில் கட்டுப்பாடு வாங்குபவர் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை பட்டு அசலா என்பதற்கும், 2006இல் வந்த கைத்தறி முத்திரை கைத்தறியா என்பதற்கும் சான்று. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.