பற்கள் தாங்காத முறுக்கு

ஸ்ப்ளைன் தண்டின் குறுக்குவெட்டைக் காணும் எவருக்கும், அச்சிலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் பல்முனைகளே முறுக்கின் பெரும்பங்கைத் தாங்குகின்றன என்றே தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞர்களின் கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்லிற்று.

1784இல் கூலும் கம்பிகளை முறுக்கி ஆராய்ந்து, அவற்றின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என நிறுவினார். வட்டத் தண்டுக்கு இது பொருந்தும். நேவியரோ 1826இல் வெளியான தம் விரிவுரைகளில், முறுக்கிய பின்னும் குறுக்குவெட்டு தட்டையாகவே இருக்கும் என்னும் எடுகோளைச் செவ்வகத் தண்டுக்கும் நீட்டினார். அதன்படி மூலைகளிலேயே தகைவு உச்சமாக வேண்டும்.

இதனைத் தலைகீழாக்கியவர், பின்னாளில் அந்நூலையே விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்த செயின்ட் வெனன்ட். 1853இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த ஆய்வுரையின்படி, வட்டமல்லாத குறுக்குவெட்டு தட்டையாக நில்லாமல் நெளிகிறது. சதுரத் தண்டின் மூலையில் தகைவு சுழியம். பக்கத்தின் நடுவிலேதான் உச்சம். பழைய கணக்குக் காட்டிய விறைப்பில் ஏறத்தாழ 84 விழுக்காடே மெய்யானது. வெளிநோக்கிய மூலை சோம்பியிருக்க, உள்நோக்கிய மூலையில் தகைவு குவிகிறது. ஸ்ப்ளைன் தண்டில் அந்த உள்மூலை பல்லின் அடியிலேயே அமைகிறது.

ஆயினும் இத்தகைய சிக்கலான வடிவங்களுக்குச் சமன்பாட்டைத் தீர்ப்பது அரிது. 1903இல் பிராண்டில் ஓர் ஒப்புமை கண்டார்: தண்டின் வடிவில் வெட்டிய துளையின்மேல் சவ்வை இழுத்துக் கட்டிச் சிறிது காற்றழுத்தம் கொடுத்தால், சவ்வின் சரிவு தகைவையும், அதனடியில் அடங்கும் கனஅளவு முறுக்குவிசையையும் காட்டும். (முறுக்குவிசை என்கிறோமே தவிர அது விசையன்று, திருப்புத்திறன், சொல் நிலைத்துவிட்டது.) 1917இல் ஃபார்ன்பரோ வானூர்தித் தொழிற்சாலையின் கிரிஃபித்தும் டெய்லரும் சோப்புப் படலத்தால் இதை அளக்கும் முறையாகவே ஆக்கினர். அளவுகோலாக, அதே தகட்டில் அருகே ஒரு வட்டத் துளை. உள்மூலையின் வளைவாரம் குறையக் குறையத் தகைவு ஏறுவதை இவ்வாறு அளக்க முடிந்தது. விரிசல் பற்றிய கிரிஃபித்தின் புகழ்பெற்ற கட்டுரை 1921இல் வந்தது.

இன்றும் முதல் மதிப்பீட்டில் வடிவமைப்பாளர் பற்களை விட்டுவிட்டு அடிவிட்டத்தையே கொள்கின்றனர். அடிவிட்டம் 40 மி.மீ., அனுமதித்த தகைவு 80 மெகாபாஸ்கல் எனில், தாங்குதிறன் சுமார் 1,005 நியூட்டன் மீட்டர். 46 மி.மீ. வெளிவிட்டத்தைக் கொண்டால் அதே தண்டு 1,529 தாங்குவதாகத் தாளில் தெரியும். பாதிக்கு மேல் பொய்க் கூடுதல். பல்லடிக் குவிவைத் தனியே சேர்க்க வேண்டும். பல்லின் பக்க அழுத்தமோ வேறு கணக்கு. செய்நேர்த்திப் பிழையால் எல்லாப் பற்களும் ஒருசேரத் தொடுவதில்லை என்பதால், பாதிப் பற்களையே சுமை தாங்குபவையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.