கரைதலும் சேர்தலும்: பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்னும் பாகுபாட்டின் வரலாறு

பாடசாலையில் இரசாயனவியல் கற்கத் தொடங்கும் மாணவன் முதன்முதலிற் சந்திக்கும் பாகுபாடுகளுள் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்பதும் ஒன்றாகும். பனிக்கட்டி உருகுதல், நீர் ஆவியாதல், உப்பு நீரிற் கரைதல் என்பன ஒரு நிரலில் எழுதப்படுகின்றன. மகனீசிய நாடா எரிதல், இரும்பு துருப்பிடித்தல், பால் புளித்தல் என்பன மற்றொரு நிரலில் எழுதப்படுகின்றன. இரு நிரல்களுக்கும் இடையே ஆசிரியர் வெண்கட்டியால் ஒரு கோடு கீறுகின்றார். புதிய பதார்த்தம் தோன்றாதது பௌதிக மாற்றம். புதிய பதார்த்தம் தோன்றுவது இரசாயன மாற்றம் என்பது வரைவிலக்கணம்.

இதனை நிறுவுதற்கு ஒரு பரிசோதனையும் உண்டு. 7 கிராம் இரும்புத்தூளும் 4 கிராம் கந்தகத்தூளும் கலக்கப்படுகின்றன. காந்தம் இரும்பைப் பிரித்தெடுக்கும். காபனிருசல்பைட்டுக் கந்தகத்தைக் கரைத்தெடுக்கும். கலவையை வெப்பமேற்றியதும் அது செந்தணலாகி, ஆறியபின் கருநிறத் திண்மமாகின்றது. அதன்பின் காந்தமும் பயன்படாது, கரைப்பானும் பயன்படாது. மாணவன் கண்ணாற் காண்கின்றான், ஐயத்திற்கு இடமில்லை.

ஆயினும், உப்பு நீரிற் கரைதலை முதல் நிரலில் எழுதும்போது கூர்மையான மாணவன் ஒருவன் சற்றே தயங்கக்கூடும். வெண்ணிறமான நீரற்ற செப்புச் சல்பேற்றில் நீர் பட்டதும் அது நீலமாகின்றது. சோடியமைதரொட்சைட்டு நீரிற் கரையும்போது முகவை கைபொறுக்காத அளவிற்குச் சூடாகின்றது. இவையெல்லாம் வெறும் கரைதல் மட்டுமா? பரீட்சைத் தாளில் இவ்வையத்திற்குப் புள்ளி இல்லை. ஆனால் இரசாயனவியலின் வரலாற்றில் இவ்வையத்திற்குப் பெரியதோர் இடமுண்டு. வெண்கட்டிக் கோடு எங்கே கீறப்படவேண்டும் என்பது பற்றி ஐரோப்பாவின் தலைசிறந்த இரசாயனவியலாளர் இருவர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாதிட்டனர். அக்கோடு கீறப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழைய எல்லை

பதார்த்தங்கள் ஒன்றுசேர்தலில் இருவகை உண்டென்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் அரிசுத்தோத்தில் ஒருவர். வாற்கோதுமை மணிகளையும் கோதுமை மணிகளையும் ஒன்றாகக் கொட்டினால் அது உண்மையான கலப்பன்று என்றார் அவர். மணிகள் அருகருகே கிடக்கின்றனவேயன்றி வேறொன்றும் நிகழவில்லை. எப்பகுதியை எடுத்தாலும் முழுமையின் தன்மையே காணப்படுமாயின் அதுவே உண்மையான கலப்பாகும்.

இவ்வளவுகோலின்படி நோக்கினால், நாம் இன்று பௌதிக மாற்றமெனக் கூறும் கரைதல் எப்பக்கத்திற் சேரும்? உப்புக்கரைசலின் எத்துளியை எடுத்தாலும் அது ஒரே சுவையுடையது, ஒரே தன்மையது. ஆகவே அரிசுத்தோத்திலின் நோக்கில் அது மணிகளின் கூட்டத்தைச் சார்ந்ததன்று. உண்மைக் கலப்பையே சார்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இரசவாதிகளும் மருந்து செய்வோரும் இவ்வெல்லைக்குள்ளேயே நின்றனர். அவர்களுக்குக் கரைதல் என்பது பதார்த்தங்களின் ஆழ்ந்த கூடுகை ஆகும்.

2. தராசின் வருகை

ஒரு பதார்த்தம் மற்றொன்றாக மாறிற்றா, அல்லது மாறியதுபோலத் தோன்றிற்றா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க இயலாது. வான் எல்மொன்று என்பார் 200 இறாத்தல் மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 இறாத்தலுக்கு மேல் நிறைகொண்டது. மண்ணின் நிறையோ சில அவுன்சு மட்டுமே குறைந்தது. நீரே மரமாயிற்று என அவர் முடிவுசெய்தார். 1648ஆம் ஆண்டு, அவர் இறந்தபின், இது நூலாக வெளிவந்தது. கண்ணாடிக் கலத்தில் நீரை நெடுநாள் காய்ச்சினால் மண்போன்ற வண்டல் எஞ்சுவதையும் பலர் கண்டிருந்தனர். நீர் மண்ணாக மாறுகின்றது என்பதற்கு அதுவும் சான்றெனக் கொள்ளப்பட்டது.

இலவோசியே இதனைச் சோதித்தார். 1768ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 101 நாள்கள், மூடிய கண்ணாடிக் கலமொன்றில் நீரை இடைவிடாது காய்ச்சினார். கலத்தினதும் நீரினதும் மொத்த நிறை மாறவில்லை. வண்டல் தோன்றியது உண்மையே. ஆனால் வெறுங்கலத்தை நிறுத்தபோது அதன் நிறை குறைந்திருந்தது. வண்டலின் நிறையும் கலம் இழந்த நிறையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. நீர் மண்ணாகவில்லை, கண்ணாடியே நீரிற் கரைந்திருந்தது. ஈராயிரம் ஆண்டு நம்பிக்கையொன்று தராசின் தட்டில் வீழ்ந்தது.

கரைதல் என்னும் சொல்லின் மயக்கத்தையும் இலவோசியே உணர்ந்திருந்தார். 1789ஆம் ஆண்டு வெளிவந்த தமது பாடநூலில், உப்பு நீரிற் கரைதலும் உலோகம் அமிலத்திற் கரைதலும் ஒரே பெயரால் அழைக்கப்படுதல் தவறு எனச் சுட்டி, இரண்டிற்கும் இருவேறு சொற்களை வழங்கினார். முதலாவதில் நீரை ஆவியாக்கினால் உப்பை மீளப்பெறலாம். இரண்டாவதில் அமிலமோ நீரோ பிரிகையுறுகின்றது. உலோகம் முன்னைய நிலையில் மீள்வதில்லை. நம் பாடசாலைக் கோட்டின் முதற் சுவடு இங்கே தென்படுகின்றது. ஆயினும் அது இன்னும் ஒரு குறிப்பளவிலேயே இருந்தது, விதியாக உருப்பெறவில்லை.

3. பேர்த்தொலேயும் புறூஸ்றும்

1798ஆம் ஆண்டு நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற அறிஞர் குழுவில் பேர்த்தொலேயும் ஒருவர். அங்குள்ள நேற்றன் ஏரிகளின் கரைகளிற் சோடியங்காபனேற்றுப் படிந்திருப்பதை அவர் கண்டார். ஆய்வுகூடத்திற் சோடியங்காபனேற்றும் கல்சியங்குளோரைட்டும் தாக்கமுற்று, உப்பையும் சுண்ணக்கல்லையும் தருவதே வழமை. ஏரிக்கரையிலோ இதற்கு நேர்மாறான தாக்கம் நிகழ்ந்திருந்தது. உப்பு மிகுதியாகவும் சுண்ணக்கல் மிகுதியாகவும் இருந்தமையே காரணம் என அவர் உய்த்துணர்ந்தார். இரசாயன நாட்டம் மட்டுமன்றி, பதார்த்தங்களின் அளவும் தாக்கத்தின் திசையைத் தீர்மானிக்கும் என்பது அவரது கொள்கை. 1803ஆம் ஆண்டு வெளிவந்த பெருநூலில் இதனை அவர் விரிவாக நிறுவினார்.

இதிலிருந்து பிறிதொரு முடிவும் பிறந்தது. அளவே தாக்கத்தை ஆளுமாயின், சேர்வைகளின் அமைப்பும் அளவிற்கேற்ப மாறவேண்டும். கரைசல்கள், கலப்புலோகங்கள், கண்ணாடிகள் ஆகியவற்றில் விகிதம் தொடர்ச்சியாக மாறுவதை எவரும் காணலாம். அவையும் இரசாயனச் சேர்க்கைகளே. மாறா விகிதமுடைய சேர்வைகள், பளிங்காதல் போன்ற சிறப்புக் காரணங்களால் நேரும் விதிவிலக்குகள் மட்டுமே எனக் கருதினார் பேர்த்தொலே.

இதனை மறுத்தவர் புறூஸ்ற். பிரான்சில் மருந்தாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இசுப்பானியாவில் செகோவியாவிலும் பின்னர் மத்திரிதிலும் கற்பித்தவர் அவர். 1799ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 100 பங்கு செம்பைச் சல்பூரிக்கமிலத்திலோ நைத்திரிக்கமிலத்திலோ கரைத்து, காரக்காபனேற்றினால் வீழ்படிவாக்கினால், எப்போதும் 180 பங்கு பச்சைநிறக் காபனேற்றே கிடைக்கும் எனக் காட்டினார். நிலத்திலிருந்து அகழப்பட்ட கனியமும் அதே அமைப்பையே கொண்டிருந்தது. மண்ணுக்குள் இயற்கை செய்ததும் முகவையில் மனிதன் செய்ததும் ஒரே தராசிற்குக் கட்டுப்பட்டன.

பேர்த்தொலே காட்டிய எதிர்ச்சான்றுகளைப் புறூஸ்ற் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். படிப்படியாக மாறுவனபோலத் தோன்றிய ஒட்சைட்டுகள் பல, மாறா அமைப்புடைய இரண்டு ஒட்சைட்டுகளின் கலவைகளே எனக் காட்டினார். ஒட்சைட்டென எண்ணப்பட்டவை சில, நீரும் சேர்ந்த ஐதரொட்சைட்டுகள் என்பதையும் வெளிப்படுத்தினார். அவ்வாறாயின் கரைசல்கள் யாவை? அவை சேர்வைகளல்ல, வேறொரு வகையின என்பது அவரது விடை.

விவாதம் இருதரப்பினும் பண்புடன் நடந்தது. ஆனால் காலம் அத்துணைப் பண்புடன் நடக்கவில்லை. புறூஸ்ற் பிரான்சுக்குச் சென்றிருந்த வேளையில், 1808ஆம் ஆண்டு நெப்போலியனின் படைகள் இசுப்பானியாவைக் கைப்பற்றின. மத்திரிதிலிருந்த ஆய்வுகூடத்தை அவர் இழந்தார். அதே ஆண்டிலேயே தாற்றனின் புதிய இரசாயன நூலின் முதற்பகுதி வெளிவந்தது. அணுக்கள் முழுவெண் விகிதங்களிலேயே சேரும் என்ற அக்கொள்கை, புறூஸ்றின் மாறா அமைப்பு விதிக்கு அடித்தளம் அமைத்தது. ஆய்வுகூடத்தை இழந்தவர் வாதத்தில் வென்றார்.

4. வெற்றியினுள் மறைந்த வினா

இவ்வெற்றியின் இயல்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சேர்வைகளெல்லாம் மாறா அமைப்புடையன என்பது விதி. அமைப்பு மாறும் கரைசலைக் காட்டினால், அது சேர்வையன்று, ஆகவே விதிக்கு முரணன்று என்பது விடை. அவ்வாறாயின் விதி இயற்கையைப் பற்றிய கூற்றா, அல்லது சேர்வை என்னும் சொல்லுக்கு நாம் வகுத்த வரைவிலக்கணமா? உண்மையில் இரண்டுமே ஆகும். எண்ணற்ற பதார்த்தங்கள் மாறா விகிதத்தில் அமைந்துள்ளன என்பது தராசு கண்ட உண்மை. எஞ்சியவற்றைக் கோட்டின் மறுபுறம் தள்ளியது மனிதரின் முடிவு.

மாறா விகிதம் மட்டும் போதாது என்பதையும் வளி காட்டிற்று. 1780களில் கவென்டிசு பல நாள்களிற் பெற்ற வளியைப் பகுத்து, ஒட்சிசனின் விகிதம் மாறாதிருக்கக் கண்டார். அதனால் வளியை ஒட்சிசனும் நைதரசனும் சேர்ந்த சேர்வை எனப் பலர் கருதினர். பேர்த்தொலேயும் அவர்களுள் ஒருவர். அது வெறுங்கலவையே என்று 1801ஆம் ஆண்டளவில் வாதிட்டவர் தாற்றன். நம் மாணவன் ஒரு வரியிற் கற்கும் உண்மை அன்று ஒரு போராட்டமாக இருந்தது.

தோற்ற பேர்த்தொலேயும் முற்றாகத் தோற்றவரல்லர். அளவு தாக்கத்தை ஆளும் என்ற அவரது கருத்து, 1864ஆம் ஆண்டு நோர்வே நாட்டினரான குல்பேர்க்கும் வாகேயும் வகுத்த திணிவுத் தாக்க விதியில் மறுபிறவி எடுத்தது. 1910களில் உருசிய அறிஞர் கூர்நாக்கோவ், அமைப்பு மாறும் திண்மச் சேர்வைகளை ஆராய்ந்து, அவற்றிற்குப் பேர்த்தொலேயின் பெயரையே சூட்டினார். சாதாரண அமுக்கத்தில் இரும்பின் ஒட்சைட்டு ஒன்றில், ஓர் ஒட்சிசன் அணுவுக்குச் சரியாக ஓர் இரும்பணு இருப்பதில்லை, ஏறத்தாழ 0.95 என்னும் விகிதமே உண்டு. இரும்புக் கந்தகச் சேர்வையும் இத்தகைய குறைபாட்டிற்கு இடந்தருவதே. கோட்டை நிறுவுதற்கு நாம் எடுத்துக்கொண்ட பதார்த்தமே கோட்டின்மீது நிற்கின்றது!

கரைதல் பற்றிய வழக்கும் முடியவில்லை. 50 கன சென்ரிமீற்றர் மதுசாரத்தையும் அதே அளவு நீரையும் கலந்தால் கனவளவு 100 ஆவதில்லை. ஏறத்தாழ 96 ஆகவே இருக்கும். மதுசாரமும் நீரும் சேர்தலைப் பற்றி 1865ஆம் ஆண்டு ஆய்வேடு எழுதிய மென்டலீவ், கரைசல்களில் இரசாயனச் சேர்க்கை நிகழ்கின்றதென்றே இறுதிவரை வாதிட்டார். 1887ஆம் ஆண்டளவில் வான்ற் ஹொப்பும் அரேனியசும் கரைசல்களைப் பௌதிக விதிகளால் விளக்கினர். உப்பு கரையும்போது அயன்களாகப் பிரிகின்றது என்றார் அரேனியசு. பின்னர் அவ்வயன்கள் நீர் மூலக்கூறுகளாற் சூழப்பட்டுள்ளன என்பது தெளிவானபோது, இரு சாராரும் ஓரளவு சரியே என்பது புலனாயிற்று. ஐதரசன் குளோரைட்டு இதற்கு நல்ல சான்று. திரவநிலையில் அது மின்னை நன்கு கடத்துவதில்லை. நீரிற் கரைந்ததும் அதன் பிணைப்பு உடைந்து, அமிலமாகி, மின்னைக் கடத்துகின்றது. இதனைக் கரைதல் என்றே கூறுகின்றோம். ஆனால் பௌதிக மாற்றமென எவ்வாறு கூறுவது?

5. சொல்லும் பொருளும்

தமிழ் மொழியிற் பயிலும் நமக்கு இவ்வரலாறு சிறப்பாகப் பயன்படும். உப்பு நீரிற் கரைகின்றது. நாகம் அமிலத்திற் கரைகின்றது. இலவோசியே பிரித்த இரண்டும் நம் நாவில் இன்றும் ஒன்றே. நீர் உறைந்து பனிக்கட்டியாகின்றது. பால் உறைந்து தயிராகின்றது. பாடநூலின் இரு நிரல்களிலும் அமரவேண்டியவை வீட்டுமொழியில் ஒரே வினையாகின்றன. மாணவன் தவறும் இடம் பெரும்பாலும் இதுவே. அவனை அறிவிலி என்பதிலும், அவனது மொழி கண்ணாற் கண்டதைப் பெயரிட்டது என்பதே பொருந்தும். கண் காணாததைத் தராசும் பின்னர் மின்னும் கண்டன.

1875ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. அன்று தொடங்கிய கலைச்சொல் முயற்சி பின்னர் பௌதிகம், இரசாயனம் என்னும் சொற்களைப் பாடசாலைகளில் நிலைபெறச் செய்தது. சொற்கள் கிடைத்தமை பெரும்பேறு. ஆனால் சொல் கிடைத்தவுடன் பொருளும் கிடைத்துவிட்டது என எண்ணுதல் ஆபத்தானது.

எனவே வெண்கட்டிக் கோட்டை அழிக்கவேண்டுமா? வேண்டியதில்லை. கோடில்லாமற் புறூஸ்றின் விதி இல்லை. அவ்விதியில்லாமல் அணுக்கொள்கை வேரூன்றியிராது. தொடக்க மாணவனுக்கு அக்கோடு ஊன்றுகோல். ஆனால் ஊன்றுகோலைக் காலென எண்ணுதல் கூடாது. பதார்த்தங்களிடையே பிணைப்புகள் உடைதலும் உருவாதலும் வலிமையிற் படிப்படியாக வேறுபடுவன. ஒருமுனையில் பனிக்கட்டியின் உருகலும் மறுமுனையில் மகனீசியத்தின் எரிதலும் உள்ளன. இடைப்பட்ட பரப்பிலேயே கரைதல் நிற்கின்றது.

உப்பு கரைவது எவ்வகை மாற்றமென வினவப்பட்டு, தயங்கி நிற்கும் மாணவனை ஆசிரியர் உடனே திருத்தாதிருப்பாராக. ஏன் தயங்குகின்றாய் என ஒரு வினாவேனும் கேட்பாராக. அத்தயக்கத்தில் பேர்த்தொலேயின் நியாயம் ஒரு துளியேனும் இருக்கக்கூடும்.