கிராம சபை (செங்கல்பட்டு வட்டாரம்)

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராகும் மக்கள் மன்றம். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் கொடியேற்றிய கையோடு ஊர்க்காரர்கள் கூடி, ஊரின் தேவைகளையும் வரவு செலவையும் பேசித் தீர்மானம் நிறைவேற்றுவர்.

இவ்வட்டாரத்தின் பழைய ஊர்ச்சபைகளுக்கு விரிவான சான்று, முன்னர் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அடங்கும் உத்திரமேரூரில் உள்ளது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாக (பிரிவுகளாக) பிரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினராவதற்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலமும் (வரி செலுத்தும் நிலமும்) சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. ஈராண்டுக்குள் விதிகளைத் திருத்தியது நடைமுறைச் சிக்கலால் என்பது ஒரு கருத்து. வாரியம் எனும் குழுவில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

தேர்வு நாளில் சிறுவர் முதல் முதியோர் வரை சபை நிறையக் கூடினர். நம்பிமாருள் (கோயில் பூசகருள்) மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன், அதிலிருந்து ஒரு குடும்பின் பெயரோலைக் கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் (நடுவர்) கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். ஓலை மாற்றும் கைவித்தைக்கு இடம் வைக்காத இந்த ஒரு விதிக்காகவே கல்வெட்டைப் படிக்கலாம். அவர் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் வாசிப்பர். பதவிக்காலம் 360 நாள். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் 12 பேர் வீதம், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பஞ்சவார வாரியத்தின் பணி குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதை மக்களாட்சி எனலாமா என்பதிலும் ஒருமித்த முடிவில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம் (பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர்). வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்கப்பட்டது. பெண்களுக்கும் நிலமற்ற உழுகுடிகளுக்கும் ஓலை எழுதப்படவில்லை.

இதே வட்டாரத்தின் மாமல்லபுரத்தில் நகரத்தார் (வணிக நகரச் சபையார்) கூடி ஊர் நிலத்தைப் பகுத்துக்கொண்டதை முதலாம் ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வழிவகுத்தது.

1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாக விமர்சித்தார். எனினும் ஊராட்சி அமைப்பு அரசியலமைப்பின் 40ஆம் உறுப்பில் இடம்பெற்றது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கூட்ட நாள்களாயின. கொரோனாக் காலத்தில் கூட்டங்கள் தடைபட்டன.

2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதன் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து கூட்டங்கள் ஆறாயின.