தென்கொரியாவில் அருவ மரபுப் பாதுகாப்பு

பாட்டு, கூத்து, சடங்கு, கைவினை என மனிதர்களிடமே உயிர்வாழும் மரபுகளைக் காக்கத் தென்கொரியா 1962-இல் தொடங்கிய தேசிய ஏற்பாடு. அருவப் பண்பாட்டு மரபு குறித்த யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு (2003) இது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அந்நாடு உடன்படிக்கையில் 2005-இல் இணைந்தது.

ஜப்பானிய ஆட்சி (1910–45), கொரியப் போர் (1950–53), பின்னர் வேகமெடுத்த தொழில்மயம் ஆகியவற்றுக்கிடையே பல கலைகள் கற்பவரின்றி நலிந்தன. 'ஹான்குக் இல்போ' நாளிதழின் செய்தியாளர் யே யோங்-ஹே, மூத்த கலைஞர்களையும் கைவினைஞர்களையும் தேடிச் சென்று 1960 முதல் ஒரு தொடர் எழுதினார். அதன் தலைப்பான 'இன்கான் முன்ஹ்வாஜே' (மனிதப் பண்பாட்டுச் செல்வம்) இன்றும் மக்கள் வழக்கில் இருக்கிறது. இத்தகைய கலைஞர்களைக் கொரியச் சட்டம் 'பேணுநர்' என்கிறது.

பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் 1950-ஆம் ஆண்டின் ஜப்பானியச் சட்டத்தை ஒட்டி 1962 ஜனவரியில் கொரியச் சட்டம் பிறந்தது. சோங்மியோ ஆலயத்தின் அரச முன்னோர் வழிபாட்டு இசை 1964-இல் முதல் மரபாகத் தேசியப் பட்டியலில் ஏறியது. பான்சோரி கதைப்பாட்டும் அவ்வாண்டே இடம்பெற்றது. பேணுநருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது; அவர் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், பொதுமக்கள் முன் கலையை நிகழ்த்தியும் காட்ட வேண்டும். மாணவர், தேர்ச்சி பெற்றவர், உதவி ஆசிரியர், பேணுநர் என்ற ஏணியில் கலை அடுத்த தலைமுறைக்கு ஏறுகிறது. கற்பிக்கும் ஆளுக்கே சோறும் மதிப்பும் உறுதிசெய்ததுதான் இந்தத் திட்டத்தின் பெரும்பலம். 1993-இல் இம்முறையைப் பிற நாடுகளும் கைக்கொள்ளக் கொரியா யுனெஸ்கோவில் முன்மொழிந்தது.

குறையும் அதே இடத்தில்தான் முளைத்தது. 'மூல வடிவம்' மாறக்கூடாது என்ற விதி, பட்டியலேறிய நாளில் இருந்த வடிவத்தையே அளவுகோலாக்கியது. மற்ற பாணிகள் ஓரங்கட்டப்பட்டன. யார் வாரிசு என்பதில் ஒருசிலர் சொல்லே ஓங்கியது. 2015-இல் இயற்றப்பட்டு 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டம் அந்த விதியைத் தளர்த்தி, மரபின் சாரம் நிலைத்தால் மாற்றத்தை ஏற்றது. மருத்துவ அறிவு, உணவுப் பழக்கம், வாய்மொழி மரபு ஆகியவையும் அதன் வரம்புக்குள் வந்தன. எல்லோருக்கும் சொந்தமான அரிராங் பாடல் 2015-இலும், கிம்ச்சி செய்முறை 2017-இலும் தனிப் பேணுநர் எவருமின்றிப் பட்டியலேறின.

கைவினைகளின் நிலை இன்னும் தேறவில்லை. மெல்லிய மூங்கில் இழையாலும் குதிரைமயிராலும் செய்யும் 'காத்' தொப்பிக் கலை 1964-இலேயே பட்டியலேறியது. அன்றாட வாழ்வில் அதை அணிவோர் இன்று மிக அரிது. உதவித்தொகை கைவினைஞரைக் காப்பாற்றும். பொருளை வாங்க ஆள் இருந்தால்தான் இளைஞர் அந்தத் தொழிலுக்கு வருவர்.