எழுத்தும் ஒலியும்: சேலம் வட்டாரத் தொடக்கக் கல்வி வரலாற்றைக் குறித்துச் சில எண்ணங்கள்

இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம் இருபத்துநான்காம் சங்கீதத்தைத் திறந்து கொடுத்தால் திகைத்து நிற்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கண்டிராத போதகர் இலர். குறை பிள்ளையின் அறிவில் இல்லை. எழுத்தை அதற்கு அறிமுகம் செய்த முறையிலேயே இருக்கிறது. எழுத்தின் பெயரை முதலில் கற்பிப்பதா, ஒலியைக் கற்பிப்பதா என்னும் வினா, ஆங்கிலவழி மழலையர் பள்ளிகள் பெருகியபின் 'ஃபோனிக்ஸ்' என்னும் பெயருடன் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பெற்றோரிடையேயும் வழங்கலாயிற்று. அது நமக்குப் புதிய வினா அன்று.

நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துகளுக்குப் பெயர்கள் இருந்தன: ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. 'படம்' என்னும் சொல்லைப் பிள்ளை, பானா, டானா, இம்மன்னா என்று கூவும். இவற்றின் வாலை அறுத்தெறிந்தால்தான் சொல் பிறக்கும். ஆயினும் இப்பெயர்களை இகழ்வதற்கில்லை. ஒவ்வொன்றிலும் எழுத்தின் ஒலி ஏதோ ஒரு வடிவில் உள்ளது. ஆங்கிலத்தில் 'டபிள்யூ' என்னும் பெயரில் அவ்வெழுத்தின் ஒலியைத் தேடினாலும் கிடைக்காது. நம் இலக்கணிகளோ பெயரையும் ஒலியையும் தெளிவாகவே பிரித்தறிந்திருந்தனர். கரம், காரம், கான் என்பன எழுத்தைச் சுட்டுவதற்குச் சேர்க்கப்படும் சாரியைகள் மட்டுமே. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தினர் என்று கூறப்படும் பவணந்தியார், தம் நன்னூலில் ஒவ்வோர் ஒலியும் நெஞ்சு, மிடறு, மூக்கு, நா, இதழ், பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் பிறப்பதை முறையாக வகுத்துரைக்கிறார். இப்பிறப்பியல் புலவருக்குரிய பாடமாக நின்றதேயன்றி, ஐந்து வயதுப் பிள்ளையின் பாடமாகத் திண்ணைக்கு இறங்கி வரவில்லை.

ஏன் வரவில்லை? ஆசிரியரின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. உண்மையான காரணம் பனையோலையில் இருந்தது என்பது என் கருத்து. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தபோதிலும், ஏடு எழுதுவோர் பொதுவாகப் புள்ளியை விட்டுவிட்டனர். புள்ளி குத்தினால் ஓலை சிதையும் என்பர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு தோன்றவில்லை. 'எரி' என்று எழுதியிருந்தால் அது நெருப்பா, நீர் நிற்கும் ஏரியா? எழுத்து சொல்லாது, பொருளறிந்தவனே சொல்லவேண்டும். எபிரெய மொழி பயிலும் இறையியல் மாணவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மாசரேத்தியர் உயிர்க்குறிகளை இடுமுன் திருமறைச் சுருளை வாசித்தவன், பெரும்பாலும் அப்பகுதியை முன்னமே செவிவழி அறிந்தவனாக இருந்தான். நம் ஏடும் அத்தகையதே. ஆதலால் முதலில் மனப்பாடம், பிறகு வாசிப்பு என்னும் முறை அக்காலத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். தொடக்ககால அச்சு நூல்கள் ஏட்டு வழக்கையே பின்பற்றின. புள்ளியும் நெடிலின் தனி வடிவமும் அச்சில் நிலைபெற்ற பிறகே, முன்பின் கேட்டிராத ஒரு பக்கத்தைத் திறந்து, ஒலி கூட்டித் தானே வாசிப்பது சாதாரணப் பிள்ளைக்கும் இயல்வதாயிற்று. வேதபுத்தகத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க எண்ணிய சீர்திருத்தச் சபைகளுக்கு இச்சிறு புள்ளி எத்துணை இன்றியமையாதது என்பதை நம் சபை வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை. மனப்பாட முறையோ, அதற்குரிய காரணம் நீங்கிய பின்னும் பள்ளியை விட்டு நீங்கவில்லை.

திண்ணைப் பள்ளியின் மற்றொரு கருவியாகிய மணல், இதைவிட நல்வாய்ப்புப் பெற்றது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஒரு முதிய ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வரச்செய்து, அவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் கண்ட மணலெழுத்தைத் தம் பிள்ளைகளிடையே புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் உடன்படாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் அவர் இங்கிலாந்தில் நூல் வெளியிட்டபின் அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது. விரல் எழுதும்போதே வாய் ஒலிப்பதும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதும் திண்ணையின் சொத்து. அவை கடல் கடந்து, திரும்பி வந்தபோது மேல்நாட்டுப் புதுமையாக வரவேற்கப்பட்டன!

இனிச் சேலத்திற்கு வருவோம். 1792 முதல் 1799 வரை பாராமகால், சேலம் பகுதிகளில் கர்னல் ரீடின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னர்ச் சென்னை ஆளுநராகி, 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் குறித்து மாவட்டந்தோறும் கணக்கெடுக்க ஆணையிட்டார். சேலமும் அதில் அடங்கும். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர். ஆனால் மன்றோ அத்துடன் நிற்கவில்லை. வீட்டில் கற்போர் இக்கணக்கில் இல்லை என்று சுட்டிக்காட்டினார். சென்னை நகரில் மட்டும் வீட்டில் கற்போர் ஏறத்தாழ 27,000 என்று கூறப்பட்டது. அது பள்ளியில் பயின்றோரைப்போல் ஐந்து மடங்கு. அவ்வெண் மிகையோ என்று அவரே ஐயுற்றார். ஆயினும் வீடும் ஒரு பள்ளி என்பதை அரசின் கணக்கில் ஏற்றினார். அதே விசாரணையில் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் வேறொன்றைக் கண்டு வருந்தினார்: பிள்ளைகள் எண்ணற்ற செய்யுள்களை ஒப்புவிக்கின்றனர், பொருளறிவதில் கிளிக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை.

மன்றோ மறைந்த 1827ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷன் சங்கத்தின் ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் பணி தொடங்கினார். 1840இல் லெக்லர் வந்து, தொழிற்கல்வியையும் அதனோடு இணைத்தார். மன்றோவின் கணக்கில் பெண்களும், சாதியால் ஒதுக்கப்பட்டோரும் ஏறக்குறைய இடம்பெறவில்லை. திண்ணையில் அமர்ந்தவனுக்கு வீட்டில் ஏடு படிக்கத் தந்தையோ பாட்டனோ இருந்திருக்கக்கூடும். மிஷன் பள்ளிகளின் கதவைத் தட்டிய ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ வீட்டில் எழுத்தே இல்லை. பள்ளியில் விதைத்தது வீட்டில் வேர்விட வழியற்றபோது, மிஷனெரிகள் விடுதிகளை நாடினர். விடுதி எழுத்தைத் தந்தது. பிள்ளையைத் தாயின் பேச்சினின்று பிரித்தும்விட்டது. இவ்விலை குறைவானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் இணையர் மலைமக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். அவர்களுடைய மகனும், பிற்காலத்தில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றவருமாகிய பால் பிராண்ட், ஒன்பது வயதில் இங்கிலாந்து செல்லுமுன் பயின்றது தாயிடமே. ஒரே மலையில் வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவனுக்கு வீடே பள்ளி. மற்றவர்களுக்குப் பள்ளியைத் தவிர வேறு எழுத்தில்லை.

தமிழெழுத்தை ஒலிவழிக் கற்பிப்பதில் உள்ள தடைகளையும் மறைக்கலாகாது. 247 எழுத்துகளென அஞ்சவேண்டியதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் 31, எஞ்சிய 216ம் கூட்டினால் பிறப்பவை. இடர்ப்பாடு குறிகளில் உள்ளது. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் மெய்யின் இருபுறமும் குறி. கண் செல்லும் வழி ஒன்று, செவி செல்லும் வழி மற்றொன்று. உகர ஊகாரங்களோ கு, சு, து, நு என்று வரிசைதோறும் உருமாறுகின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் விதிவிலக்கை நீக்கிப் பிள்ளையின் பாரத்தைக் குறைத்தது. ஆயினும் பழைய அச்சு வேதாகமத்தை வைத்திருந்த பாட்டியும் புதிய பாடநூலைக் கொண்டுவந்த பேரனும் ஒரே திண்ணையில் இருவேறு 'னை' படித்த காலமும் உண்டு.

இச்சமவெளியில் வீட்டுமொழி வேறு ஒரு சிக்கல். சேலத்து நெசவாளர் வீதிகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் வழங்குகின்றன. தமிழ் வீடுகள் பலவற்றிலும் 'பழம்' என்பது 'பளம்' ஆகிறது. பள்ளி 'ழ'வை எழுதிக் காட்டும்போது, அப்பிள்ளை அதுவரை கேளாத ஒலிக்கு எழுத்துக் கற்கிறது. அதனைத் திருத்துவதாக எண்ணித் தாயின் நாவை ஆசிரியர் நகையாடினால், பிள்ளை இரண்டையும் இழக்கும்.

பெற்றோர் எழுத்தறியாதவராயின் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இதனை நான் ஏற்கவில்லை. ஒலியைப் பிரித்தறிவது செவியின் வேலை; அதற்கு எழுத்து வேண்டுவதில்லை. 'பல்லி' எந்த ஒலியில் தொடங்குகிறது, 'பால்' எதில் முடிகிறது, 'பல்'லையும் 'கல்'லையும் வேறாக்குவது எது என்று தறியில் அமர்ந்தவாறே ஒரு தாய் கேட்கலாம். விடுகதையும் தாலாட்டும் நாப்பழக்கச் சொற்றொடர்களும் இதற்கென்றே அமைந்தவைபோல் உள்ளன.

தமிழ்நாடு அரசு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் பெயரில் தன்னார்வலரைக் கொண்டு மாலை வேளையில் வீட்டருகே பிள்ளைகளைக் கூட்டியதும், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடக்க வகுப்புகளில் புகுத்தியதும், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகே. தன்னார்வலர் அமர்ந்த இடங்களுள் வீட்டுத் திண்ணையும் ஒன்று. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கு இதனினும் சிறிய ஆய்வு ஒன்று போதும்: பிள்ளை ஒப்புவித்த வசனத்தை மூடிவிட்டு, அதே எழுத்துகளால் அமைந்த, அது கேட்டிராத நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.